இறகுக்குள் இருக்கும் முள்



இந்த வாரத் தியானத்திற்கு யாக்கோபு நிருபத்தின் முதலாம் அதிகாரம், 12 முதல் 15 வரையுள்ள வசனங்களை எடுத்துக்கொள்வோம். மேலே தொடருமுன் வேதாகமத்தைத் திறந்து அந்த நான்கு வசனங்களையும் ஒருமுறை நிதானமாக வாசித்துவிடுங்கள். மீன்பிடிக்கிறவர்கள் வழங்கிய சொல் ஒன்று அங்கே இருக்கிறது. தமிழ் வேதாகமத்தை வாசிக்கும்போது அது சட்டென்று கண்ணில் படுவதில்லை. இன்று அந்தச் சொல்லைப் பற்றியே சிந்திக்க விரும்புகிறேன்.

அதற்கு முன்பு ஓர் ஆற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். பவுலையும் சீலாவையும் சகோதரர் இரவிலேயே தெசலோனிக்கேயிலிருந்து பெரோயாவுக்கு அனுப்பிவிட்டதை அப்போஸ்தலர் நடபடிகள் 17-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அந்த இரண்டு பட்டணங்களுக்கும் நடுவே அஸ்த்ரேயஸ் என்னும் ஆறு ஓடியதாக, பவுலுக்கு ஏறக்குறைய 150 ஆண்டுகளுக்குப் பின் வாழ்ந்த ஏலியன் என்ற ரோம எழுத்தாளர் குறித்துவைத்திருக்கிறார். விலங்குகளின் இயல்பைப் பற்றிக் கிரேக்க மொழியில் அவர் எழுதிய நூலின் 15-ஆம் புத்தகத்தில் இந்தச் செய்தி உள்ளது. அந்த ஆற்றில் புள்ளிகள் கொண்ட மீன்கள் இருந்தன. நீரின்மேல் பறக்கும் ஒருவகை ஈயை அவை விரும்பி உண்டன. ஆனால் அந்த ஈயைப் பிடித்து முள்ளில் குத்தினால் மனிதக் கை பட்டவுடன் அதன் நிறம் கெட்டது, சிறகு வாடியது. மீன் அதைத் தீண்டவில்லை. ஆகவே அங்கிருந்த மக்கெதோனியர், தூண்டில் முள்ளைச் சுற்றிச் சிவப்புக் கம்பளி நூலைக் கட்டி, சேவலின் தாடிக்குக் கீழே வளரும் மெழுகு நிற இறகுகள் இரண்டை அதன்மேல் பொருத்தினார்கள். மீன் ஏமாந்தது. இறகாலும் நூலாலும் செய்த பொய்ப் பூச்சியைக் கொண்டு மீன் பிடிப்பதைப் பற்றிய பழைய குறிப்புகளில் இதுவே பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது.

அந்த மக்கெதோனியர் செய்த வேலையை நானும் சிறிய அளவில் செய்கிறேன். நான் ஊழியம் செய்யும் தமிழ்ச் சபை பென்சில்வேனியா மாநிலத்தில், சஸ்குவஹன்னா ஆற்றுக்கு அருகில் கூடிவருகிறது. போதகர்களுக்குத் திங்கட்கிழமைதான் ஓய்வுநாள். பனிக்காலத் திங்கட்கிழமைகளில் வீட்டு மேஜையில் அமர்ந்து ஃப்ளை கட்டுவேன். நீர் வெதுவெதுப்பாகும் மாதங்களில் அவற்றை ஆற்றில் போட்டுப் பார்ப்பேன். இந்த ஆறு அகலமானது. ஹாரிஸ்பர்க் அருகே ஏறக்குறைய ஒரு மைல் அகலம் வரும். ஆனால் பல இடங்களில் முழங்கால் ஆழந்தான். பாறைகளும் ஓட்டமும் நிறைந்த இந்த நீரில் வாழ்வது ஸ்மால்மவுத் பாஸ். நம் ஊர்க் கொடுவா மீனுக்கும் ஆங்கிலத்தில் பாஸ் என்ற பெயர் வழங்குவதுண்டு. இது அந்த இனமன்று. வெண்கல நிறமும், விலாவில் மங்கலான கருங்கோடுகளும் உடைய நன்னீர் மீன். கையளவு மீன்கூட வலுவாக இழுக்கும்.

ஃப்ளை என்றால் ஈ என்பது பொருள். ஆனால் பாஸ் மீனுக்காகக் கட்டப்படுவது பெரும்பாலும் ஈயைப் போல இருக்காது. அது சிறுமீனைப் போலவோ, தவளையைப் போலவோ, கிரேஃபிஷ் என்னும் சிறிய நன்னீர்ச் சிங்கிறாலைப் போலவோ இருக்கும். அதைக் கட்டும் வேலை ஆற்றுக்குள் இறங்கி ஒரு கல்லைப் புரட்டிப் பார்ப்பதிலிருந்து தொடங்குகிறது. அந்த இடத்து மீன் எதைத் தின்கிறது? அந்த இரை என்ன நிறம், எவ்வளவு நீளம்? பயந்தால் எப்படி ஓடுகிறது? கிரேஃபிஷ் ஆபத்தைக் கண்டால் வாலை மடித்து அடித்துப் பின்னோக்கிப் பாயும். ஆகையால் அதைப் போன்ற ஃப்ளையைக் கட்டுகிறவன் கொடுக்குகளை முள்ளின் வளைவுப் பக்கமாக வைத்துக் கட்ட வேண்டும். அப்போதுதான் நூலை இழுக்கையில் பொய்ப் பிராணி உண்மைப் பிராணியைப் போலப் பின்புறமாக நகரும். கொடுக்கை எதிர்ப்பக்கம் வைத்தால், பார்ப்பதற்கு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அந்த ஃப்ளை நீரில் இயல்பாக நகராது.

சிறுமீனைப் போலச் செய்யும் ஃப்ளைகளுள் உலகெங்கும் பெயர்பெற்ற ஒன்று இதே ஆற்றில் பிறந்தது. பாப் கிளவுசர் என்பவர் மிடில்டவுன் என்னும் ஊரைச் சேர்ந்த மீன்பிடி வழிகாட்டி. 1980-களில், டம்பெல் போன்ற வடிவமுள்ள ஈயக் கண்களை முள்ளின் முன்பகுதியில் கட்டி, மேலும் கீழும் மான்வால் மயிரை மிகக் குறைவாக வைத்து அவர் ஒரு ஃப்ளையை உருவாக்கினார். லெஃப்டி கிரே என்ற புகழ்பெற்ற மீன்பிடி ஆசிரியர் அதற்குக் கிளவுசர் டீப் மின்னோ என்று பெயரிட்டார். அதன் இரகசியம் அந்தக் கண்களின் எடையில் இருக்கிறது. இழுக்கும்போது முன்னேறும், இழுப்பை நிறுத்தினால் தலைகீழாகக் கீழே பாயும். நீரில் அது ஒரு கணமும் சும்மா நிற்பதில்லை. எடை தண்டின் ஒரு பக்கத்தில் அமைவதால் முள்ளின் கூர் மேல்நோக்கித் திரும்பிவிடும்; பாறையில் எளிதில் சிக்காது. மேலே இருக்கும் மயிர் அந்தக் கூரை மூடிக்கொள்ளும்.

கட்டி முடித்த ஃப்ளையை முதலில் ஒரு வாளித் தண்ணீரில் போடுவது என் வழக்கம். உலர்ந்த நிலையில் பருத்துத் தெரியும் வான்கோழித் தூவி, நனைந்தவுடன் ஒரு திரியைப் போல மெலிந்துவிடும். மானின் உடல் மயிர் உள்ளே காற்றறைகள் கொண்டதால் மிதக்கும். அது மிகுந்தால் ஈயம் கட்டியும் அமிழாது. ஒருபக்கம் சாய்ந்து நீந்துவதும், இழுக்க இழுக்கச் சுழன்று நரம்பை முறுக்குவதும் வாளியிலேயே ஓரளவு தெரிந்துவிடும். அதற்குப் பிறகுதான் ஆறு. அங்கே ஒரே நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்க்க வேண்டும். ஒரே அளவு முள், ஒரே நிற மயிர், ஒரே நீளம். கண்ணின் எடை மாத்திரம் 1/50 அவுன்ஸ், 1/36 அவுன்ஸ், 1/24 அவுன்ஸ் என மூன்று வகை. கனமானதன் எடையே ஒரு கிராமுக்குச் சற்று மேல். இந்த மூன்றையும் ஒரே ஓட்டத்தில் இருபது இருபது முறை வீசிப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுவேன். கோடையில், முழங்கால் ஆழ ஓட்டத்தில், இலேசானதே மீனைக் கொண்டுவந்தது. கனமானது கல்லிடுக்கில் போய் மாட்டிக்கொண்டது. சற்றுக் கீழே, ஆழமான மடுவில், நிலைமை மாறியது. அங்கே இலேசானது மீன் படுத்திருக்கும் ஆழத்தை எட்டுமுன் ஓட்டத்தோடு போய்விட்டது. கனமானதை மீன் கவ்வியது.

இப்படிப் பல பருவங்கள் எழுதிய குறிப்பேட்டைப் புரட்டும்போது ஒன்று புலப்படுகிறது. கட்டுகிறவன் தன் இரசனையை ஓரங்கட்டிவிட்டு மீனின் விருப்பத்தைப் படிக்கிறான். அது எந்த ஆழத்தில் படுத்திருக்கிறது, எந்த வேளையில் பசிக்கிறது, எந்த அசைவைக் கண்டால் தன்னை மறந்து பாய்கிறது என்று கற்றுக்கொள்கிறான். கற்றதையெல்லாம் முள்ளைச் சுற்றிக் கட்டுகிறான். முள் ஒன்றுதான், அதன்மேல் போர்த்தப்படும் இறகு மீனுக்கு மீன், இடத்துக்கு இடம் மாறும்.

மீன் கவ்வுவது எப்போதும் பசியினால் அன்று. நீர் ஏறக்குறைய 15 அல்லது 16 செல்சியஸ் பாகைக்கு வெப்பமாகும் வசந்த காலத்தில் ஆண் பாஸ் சரளைக்கற்களின் நடுவே பள்ளம் கூட்டிக் கூடு அமைக்கும். பெண் மீன் முட்டையிட்டுப் போனபின் அதுவே காவல் காக்கும். அருகில் வரும் எதையும், பசியில்லாமலேயே, குஞ்சுகளைக் காக்கும் ஆவேசத்தால் கவ்வி அப்புறப்படுத்தும். கூட்டிலிருந்து அதைப் பிடித்தெடுத்தால் சற்று நேரத்திற்குள் மற்ற மீன்கள் முட்டைகளைத் தின்றுவிடும். ஆகையால் கண்ணுக்குத் தெரியும் கூட்டின்மேல் திரும்பத் திரும்பத் தூண்டில் வீசுவதை இம்மாநிலச் சட்டம் தடைசெய்கிறது. வேறு சில வேளைகளில் பசியும் இல்லை, கோபமும் இல்லை. கண்முன் ஏதோ ஒன்று திடீரெனப் பாய்ந்ததால் மட்டுமே வாய் திறக்கிறது. பசி, தன்னுடையதைக் காக்கும் ஆவேசம், யோசியாமல் பாயும் பழக்கம் என்னும் இம்மூன்றிலும் இயல்பிலே தீயது எதுவும் இல்லை. மீன் உயிர்வாழ்வதற்காகச் சிருஷ்டிகர் தந்தவை அவை. தூண்டில் அவற்றையே பயன்படுத்திக்கொள்கிறது.

இப்போது யாக்கோபின் சொல்லுக்கு வருவோம். 14-ஆம் வசனத்தில், மனிதன் தன் சொந்த இச்சையினாலே இழுக்கப்படுகிறான் என்று சொன்னபின், அப்போஸ்தலன் இன்னொரு வினையைச் சேர்க்கிறார். நம் தமிழ் வேதாகமம் அதைச் சிக்குண்டு என்று மொழிபெயர்த்திருக்கிறது. கிரேக்க மூலத்தில் அது டெலெயாட்ஸோ என்னும் வினைச்சொல். டெலெயார் என்றால் தூண்டில் இரை. அதிலிருந்து பிறந்த இந்த வினைக்கு இரை வைத்துப் பிடிப்பது என்பது நேர்ப்பொருள். அதற்கு முன் நிற்கும் சொல், இருக்கும் இடத்திலிருந்து வெளியே இழுக்கப்படுவதைக் குறிக்கிறது. ஆற்றங்கரையில் நிற்கிறவனுக்கு இந்த வரிசை நன்றாகப் புரியும். பாஸ் மீன் பாறையின் பின்னே, ஓட்டம் படாத நிழலில் பத்திரமாகப் படுத்திருக்கிறது. பாறைக்குள் நுழைந்து அதைப் பிடிக்க யாராலும் முடியாது. அதன் கண்ணெதிரே இரையை ஓட்டி, அதன் சொந்த ஆசையைக் கொண்டே அதை வெளியே வரவழைக்க வேண்டும். அடுத்த வசனத்தில் யாக்கோபு உவமையை மாற்றி, இச்சை கர்ப்பந்தரித்துப் பாவத்தையும், பாவம் மரணத்தையும் பிறப்பிப்பதாகச் சொல்லுகிறார். ஆசையும் இரையும் சந்திக்கும் அந்த முதல் இடத்திற்கு அவர் தெரிந்துகொண்டது மீன்பிடிச் சொல்லே.

இதை நான் ஆராய்ச்சிக்காக எழுதவில்லை. நம் சபைக் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்த ஒரு வாலிபன், சென்ற ஆண்டு சில திங்கட்கிழமை மாலைகளில் என்னோடு ஆற்றுக்கு வந்தான். அவனுடைய சம்மதத்தோடும், அவனை அடையாளம் காட்டாமலும் இதை எழுதுகிறேன். 2018-ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம், விளையாட்டுப் பந்தயங்களை மாநிலங்கள் அனுமதிக்காதபடி தடுத்திருந்த மத்தியச் சட்டத்தை இரத்துசெய்தது. அதன்பின் பல மாநிலங்களில் பந்தயம் கைப்பேசிக்குள்ளேயே வந்துவிட்டது. அந்த வாலிபனுக்குக் கூடைப்பந்தாட்டம் பிடிக்கும். ஒரு செயலி அவனுக்கு முதல் பந்தயத்தை இலவசமாகத் தந்தது. இரண்டு ஆண்டுகளில் அவனுடைய சேமிப்பும், மேற்படிப்புக்காகத் தகப்பனார் எடுத்துவைத்திருந்த பணமும் போயின. தாயாருக்கு இரவுத் தூக்கம் போயிற்று. தகப்பனார் அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

அவன் ஃப்ளை கட்டுவதைக் கவனித்துக்கொண்டிருப்பான். ஒருநாள் என் குறிப்பேட்டை எடுத்து அந்த மூன்று எடைகளின் பக்கத்தை நெடுநேரம் பார்த்தான். “பாஸ்டர், இதே வேலையைத்தான் அவங்களும் செய்றாங்க. ஒரு அறிவிப்பை ரெண்டு விதமா அனுப்பிப் பார்க்கிறாங்க. எதுக்கு நாங்க அதிகமா வர்றோமோ அதை வச்சுக்கறாங்க. நான் கம்ப்யூட்டர் படிக்கிறவன், எனக்கு அது தெரியும். தெரிஞ்சும் போனேன்,” என்றான். சற்று நேரம் கழித்து அவனே கேட்டான்: “கடவுள் என்னைச் சோதிச்சாரா, பாஸ்டர்? அப்பா அப்படித்தான் சொல்றார். இது கடவுள் வச்ச சோதனை, நீ தோத்துட்டேன்னு.”

பிரியமானவர்களே, இந்தக் கேள்வியை இலேசாகக் கடந்துபோகக் கூடாது. ஒருவன் தேவனிடத்தில் திரும்பிவருவதும் வராததும் சில வேளைகளில் இதற்கு நாம் கொடுக்கும் பதிலில் தங்கியிருக்கிறது. தன்னைத் தூண்டில் போட்டுப் பிடித்தவரே தேவன் என்று நம்புகிறவன், அவரை நோக்கி எப்படி ஓடுவான்?

நம் தமிழில் சோதனை என்ற ஒரே சொல் பல வேலைகளைச் செய்கிறது. இரத்தத்தைப் பார்ப்பதும் சோதனை. வருமான வரித்துறை வீட்டுக்குள் நுழைவதும் சோதனை. பாவத்திற்கு இழுப்பதும் சோதனை. யாக்கோபு எழுதிய பெய்ராஸ்மோஸ் என்ற கிரேக்கச் சொல்லும் அப்படிப்பட்டதே. 2-ஆம், 12-ஆம் வசனங்களில் அது விசுவாசி சகித்து நிற்க வேண்டிய நெருக்கத்தைக் குறிக்கிறது. 13-ஆம் வசனத்தில் அதன் வினை வடிவம் பொல்லாங்குக்கு இழுப்பதைக் குறிக்கிறது. தேவன் ஒருவரையும் அவ்விதம் சோதிக்கிறவரல்ல என்று அங்கே திட்டமாகச் சொல்லப்படுகிறது. சொல் ஒன்றாயிருக்க, வேறுபாட்டை எங்கே காண்பது? அதைச் செய்கிற கரத்தின் நோக்கத்தில் காணலாம்.

அந்த மாலையில் இரண்டு சோதனைகளும் எங்கள் கண்முன் இருந்தன. நான் கட்டிய ஃப்ளை மீனைச் சோதிக்கிறது. மீனின் ஆசையைப் படித்து, முள்ளை மறைத்து, அதைப் பிடிப்பதற்காகச் சோதிக்கிறது. அதே வேளையில் ஆறு என் ஃப்ளையைச் சோதிக்கிறது. கட்டு இறுகியிருக்கிறதா, எடை சரியா, நேராக நீந்துகிறதா என்பது ஓட்டத்தில் தெரியவருகிறது. கட்டினவன் அதை ஆற்றில் எறிந்துவிட்டுப் போய்விடுவதில்லை; நூலின் மறுமுனை அவன் கையிலேயே இருக்கிறது. பிரிந்துபோனதை வீட்டுக்குக் கொண்டுவந்து, நூலை அவிழ்த்து, மறுபடியும் கட்டுகிறான். முதலாவது சோதனை அழிப்பதற்காக. இரண்டாவது சோதனை உறுதிப்படுத்துவதற்காக. 3-ஆம் வசனத்தில் யாக்கோபு விசுவாசத்தின் பரீட்சையைப் பற்றிப் பேசும்போது, பொன்னையும் நாணயத்தையும் உரைத்துப் பார்க்கும் சொற்குடும்பத்திலிருந்து ஒரு சொல்லை எடுக்கிறார். அந்தப் பரீட்சை பொறுமையைப் பிறப்பிக்கிறது. தூண்டில் மரணத்தைப் பிறப்பிக்கிறது.

எந்த உவமைக்கும் எல்லை உண்டு. நான் ஃப்ளையை ஆற்றில் போடுவது எனக்குத் தெரியாததைத் தெரிந்துகொள்வதற்காக. தேவனுக்கு அப்படி ஒரு தேவையில்லை. நம் உருவம் இன்னதென்று அவர் அறிந்திருக்கிறார். நெருக்கத்தின் நடுவே நம்மைப் பற்றிக் கற்றுக்கொள்கிறவர்கள் நாமே. மேலும், ஒரு வீட்டில் மரணமோ வியாதியோ நேரிட்டால், இது தேவன் வைத்த பரீட்சை என்று வாசற்படியில் நின்று அறிவிக்கும் அதிகாரம் நமக்குக் கொடுக்கப்படவில்லை. அழுகிறவர்களோடு அழுவதே நமக்குக் கட்டளையிடப்பட்டது.

நான் அந்த வாலிபனிடம் சொன்னது இவ்வளவே. “தம்பி, அந்தச் செயலியைத் தேவன் உனக்காகக் கட்டவில்லை. உன் ஆசையைப் படித்தவர்கள் கட்டினார்கள். இழுக்கப்பட்டது நீதான், அதை மறைக்க வேண்டாம். ஆனால் இன்றைக்கு நீ கரையில் நிற்கிறாய். இனிமேல் வரும் ஒவ்வொரு மாலையும் உன்னை உறுதிப்படுத்தும் பரீட்சையாக இருக்கலாம். அதில் தேவன் உன் பக்கத்தில் நிற்கிறார்.” 1 கொரிந்தியர் 10:13 சொல்லும் தப்பிக்கொள்ளும் வழியைப் பற்றி நாங்கள் பேசினோம். அந்த வழி சில வேளைகளில் மிகச் சாதாரணமான உருவத்தில் வருகிறது. பந்தயங்களிலிருந்து தன்னைத்தானே விலக்கி வைக்கும்படி ஒருவர் பெயர் பதிவுசெய்யும் பட்டியல் ஒன்றைப் பென்சில்வேனியா அரசு வைத்திருக்கிறது. அடுத்த வாரம் அவன் அதில் தன் பெயரைப் பதிவுசெய்தான். சூதாட்டப் பழக்கத்திலிருந்து மீளுகிறவர்கள் கூடும் குழு ஒன்றுக்கு வாரந்தோறும் போகிறான். வங்கிக் கணக்கை அவனுடைய மூத்த சகோதரி பார்த்துக்கொள்கிறார். பணம் திரும்பவில்லை. தகப்பனார் பேசத் தொடங்கியிருக்கிறார். இன்னும் முழுவதும் அல்ல. அவர்களுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.

இதை வாசிக்கும் சிலருக்கு இன்னொரு கேள்வி எழலாம். மனிதரைப் பிடிக்கும்படி அல்லவா கர்த்தர் தம்முடைய சீஷரை அழைத்தார்? அப்படியானால் சுவிசேஷமும் ஒரு தூண்டில்தானா? மாற்கு முதலாம் அதிகாரத்தில் அழைக்கப்பட்டவர்கள் வலை வீசிக்கொண்டும் வலைகளைப் பழுதுபார்த்துக்கொண்டும் இருந்தவர்கள். தூண்டில் போடும்படி பேதுருவுக்குக் கர்த்தர் சொன்னதாக மத்தேயு 17-இல் மாத்திரம் ஒருமுறை வருகிறது; அது மனிதரைப் பற்றியதல்ல, வரிப்பணத்தைப் பற்றியது. லூக்கா 5:10-இல் மனிதரைப் பிடிப்பதற்கு வழங்கப்பட்டிருக்கும் ட்ஸோக்ரெயோ என்ற கிரேக்கச் சொல், உயிரோடு பிடிப்பதைக் குறிக்கிறது. போரில் கொல்லாமல் சிறைப்பிடிப்பதற்கு வழங்கிய சொல் அது. இரை காட்டிக் கொல்வதன் நேர் எதிர்.

இதைப் பவுல் இன்னும் வெளிப்படையாகச் சொல்லுகிறார். தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது, தாம் அவர்களிடம் பேசியது டோலோஸினால் அல்ல என்கிறார் (1 தெசலோனிக்கேயர் 2:3). டோலோஸ் என்றால் வஞ்சகம். பழைய கிரேக்கத்தில் அதே சொல் மீனுக்குப் போடும் இரையையும் குறித்தது. ஹோமரின் ஒடிஸி காவியத்தின் 12-ஆம் பாடலில் அது அந்தப் பொருளில் வருகிறது. அடுத்த வசனத்திலேயே பவுல், நம் இருதயங்களைச் சோதித்தறிகிற தேவனைப் பற்றிப் பேசுகிறார். அங்கே வருவது டொக்கிமாட்ஸோ, உரைத்துப் பார்க்கும் சொல். அதே வினையைக் கொண்டு நிருபத்தின் முடிவில் எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கும்படி சபைக்குக் கட்டளையிடுகிறார் (5:21). பெரோயா பட்டணத்தாரோ, பவுல் பிரசங்கித்தது மெய்யா என்று தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்து பார்த்தார்கள். இரை வைத்துப் பிடிக்கிறவன், இரையை அவிழ்த்துப் பார்க்க மீனுக்கு இடங்கொடுக்கமாட்டான். சுவிசேஷம் தன்னை ஆராய்ந்து பார்க்கும்படி அழைக்கிறது. சிலுவையை எடுத்துக்கொண்டு வரவேண்டும் என்று கர்த்தர் முதலிலேயே சொல்லிவிடுகிறார். விலையை மறைத்து அவர் யாரையும் சேர்த்துக்கொள்ளவில்லை. கூட்டம் சேர்ப்பதற்காகச் செழிப்பையும் சுகத்தையும் மாத்திரம் முன்னே காட்டி, சீஷத்துவத்தின் விலையைப் பின்னே மறைக்கிற எந்தப் பிரசங்கத்தையும் இந்த அளவுகோலால் அளந்து பாருங்கள். என் பிரசங்கத்தையும் அப்படியே அளந்து பாருங்கள்.

இந்த வாரம் ஒரு சிறு பயிற்சியைச் செய்யுங்கள். அமைதியாக அமர்ந்து மூன்று கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். எனக்குள்ள பசி எது? நான் எதைக் காப்பாற்ற ஆவேசப்படுகிறேன்? யோசியாமல் என் கை எதை நோக்கிப் போகிறது? பணத்தேவையாக இருக்கலாம், பிள்ளைகளின் எதிர்காலமாக இருக்கலாம், இரவில் கையிலே ஒளிரும் கைப்பேசியாக இருக்கலாம். அவற்றை எழுதும்போது வெட்கப்பட வேண்டாம். அவற்றில் பல தேவன் தந்த இயல்புகளே. ஆனால் உங்களைப் பிடிக்க விரும்புகிறவன் முள்ளின்மேல் கட்டப்போகும் இறகு அந்தப் பட்டியலிலிருந்தே எடுக்கப்படும் என்பதை அறிந்துகொள்ளுங்கள். பிறகு அந்தப் பட்டியலை நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் காட்டுங்கள். கணவனோ, மனைவியோ, மூத்த விசுவாசியோ, யாரேனும் ஒருவர். ஓட்டத்தில் படுத்திருக்கும் மீனுக்கு முள் தெரிவதில்லை. கரையிலிருந்து பார்க்கிறவருக்குத் தெரியலாம்.

நான் பிடிக்கும் மீன்களைத் திரும்ப ஆற்றில் விட்டுவிடுகிறேன். அதற்கு வசதியாக, முள்ளிலுள்ள எதிர்முள்ளைக் குறடால் நசுக்கி வைத்திருப்பேன். விடுவிக்கப்பட்ட மீன் சற்று நேரம் கையிலேயே மூச்சு வாங்கும். பிறகு வாலை ஒருமுறை அடித்துப் பாறையின் நிழலுக்குள் போய்விடும். நம்மைப் பிடிக்க வருகிற சத்துரு எதிர்முள்ளை நசுக்குகிறவனல்ல; அவனுடைய கையிலிருந்து நம்மை விடுவிக்க வேறொருவர் வர வேண்டியிருந்தது. அவர் வந்தார். வனாந்தரத்தில் நாற்பது நாள் பசித்திருந்தபோது, அப்பம் என்னும் இரை அவர் முன்னும் வைக்கப்பட்டது. அவர் உண்மையாகவே பசியாயிருந்தார். ஆயினும் பிதாவின் வார்த்தையைவிட்டு வெளியே இழுக்கப்படவில்லை. சோதிக்கப்படுகிறவர்களுக்கு உதவிசெய்ய வல்லவர் என்று எபிரெயர் 2:18 அவரையே காட்டுகிறது.

ஜெபிப்போம்.

பரலோகப் பிதாவே, எங்கள் ஆசைகளை எங்களைவிட நன்றாக அறிந்தவர் நீரே. அவற்றைப் படித்து எங்களை வெளியே இழுக்கிற ஒவ்வொரு கண்ணிக்கும் எங்களை விலக்கிக் காத்தருளும். பிடிபட்டிருக்கிற எங்கள் பிள்ளைகளை விடுவியும். அவர்களுக்காகத் தூக்கமின்றி இருக்கிற பெற்றோரைத் தேற்றும். பேசாமற்போன தகப்பன்மாரின் வாயைத் திறந்தருளும். நெருக்கத்தின் ஓட்டத்தில் நாங்கள் பிரிந்துபோகும்போது, எங்களை எறிந்துவிடாமல் உமது கரத்தில் எடுத்து மறுபடியும் உருவாக்கும். நாங்கள் உம்மைக் குறித்துப் பேசும் வார்த்தைகளில் வஞ்சகம் இராதபடி காத்துக்கொள்ளும். சோதிக்கப்பட்டும் பாவமில்லாதவராயிருந்த எங்கள் இரட்சகர் இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.

கர்த்தருக்குச் சித்தமானால் அடுத்த வாரமும் தியானிப்போம். அவருடைய சமாதானம் உங்களோடிருப்பதாக.